இந்த மாசம் முழுக்க ரீமேப் தான்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல போற போக்குல ஒரே ஒரு வரி எழுதி வச்சேன், பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கறவங்க ரீமேப்புக்கு (இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கற கணக்க மாத்தி எழுதி பவர் ஏத்தறது) எடுத்து வச்ச காசுல முதல்ல நாலு டயர் மாத்துங்கன்னு. அவ்ளோதான், புத்துல கைய விட்ட மாதிரி ஆயிப்போச்சு. ஓசூர்ல இருந்து அரூர் வரைக்கும் கடுதாசி, வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ், ஒருத்தர் மாம்பழக் கூடையோட நேராவே வந்துட்டாரு (பழம் நல்லா இருந்துச்சு, செந்தூரா). அதனால இந்த மாசம் வேற எந்தக் கேள்வியும் எடுக்கல, கிளட்ச் வயர் கேட்டவங்க, பேட்டரி கேட்டவங்க எல்லாம் மன்னிச்சுக்கங்க, அடுத்த மாசம் பாக்கலாம்.

கேள்வி: அண்ணா, பெங்களூர்ல செகண்ட் ஹேண்ட்ல 2016 ஆடி டிடி வாங்கியிருக்கேன், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. தினமும் கிருஷ்ணகிரில இருந்து காவேரிப்பட்டணம் வழியா தர்மபுரி போய் வரணும், கடை அங்க. ஹைவேல சூப்பர், ஆனா ஊருக்குள்ள ஒன்னாவது ரெண்டாவது கியர்ல வெட்டி வெட்டிப் போவுது, மிதிச்சா ஒரு செகண்ட் யோசிச்சுட்டு அப்புறம் திடீர்னு பாயுது. ஒரு கடைல ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டா 300 பிஎஸ் (குதிரை சக்தி) வரும், முக்கா மணி நேர வேலைங்கறாங்க. எனக்கு பவரும் வேணும், வண்டி நைஸாவும் போகணும். போடலாமாண்ணா? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: போடலாம் தம்பி, ஆனா இப்ப போடாதீங்க. நீங்க கேட்டது ரெண்டு விஷயம், ஒன்னு பவர், இன்னொன்னு வெட்டல், ரெண்டும் ஒரே ஊசில தீர்ற வியாதி இல்ல.

முதல்ல வெட்டல். உங்க வண்டில இருக்கறது ஆறு கியர் வெட் கிளட்ச் டிஎஸ்ஜி, அதாவது ரெண்டு கிளட்ச் ஆயில்ல நனைஞ்சு ஓடற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஆடிக்காரங்க எஸ் டிரானிக்னு பேர் வச்சிருக்காங்க. அந்த கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ மாத்தணும், உங்களுது 62,000 ஆச்சு, வித்தவரு மாத்துனதா பில் காட்டினாரா? காட்டலன்னா மாத்தலன்னே வச்சுக்கங்க. ஆயில் மாத்திட்டு ஸ்கேனர் போட்டு கிளட்ச் அடாப்டேஷன் (கிளட்ச் எங்க புடிக்குதுன்னு கியர்பாக்ஸுக்கு திரும்பச் சொல்லித் தர்றது) ஓட்டினாலே பாதி வெட்டல் போயிரும், இன்ஜின் மவுண்ட் செத்திருந்தா மீதிப் பாதி அங்க இருக்கும். குவாட்ரோ வண்டிங்கறதால பின்னாடி ஹால்டெக்ஸ்னு ஒரு கிளட்ச் இருக்கு பாருங்க, அதுக்கும் தனி ஆயில் உண்டு, செகண்ட் ஹேண்ட் வண்டிங்கள்ல பெரும்பாலும் அத யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. இத எல்லாம் விட்டுட்டு மேல ரீமேப் போட்டா வெட்டல் போகாது, இன்னும் பலமா வெட்டும், ஏன்னா இப்ப கூடுதல் டார்க்கோட (இன்ஜின் சுத்தற விசை) வெட்டுது.

அடுத்து இன்ஜின். ஸ்பார்க் பிளக் புதுசு போடுங்க, கேப் 0.6ல இருந்து 0.7 மில்லிமீட்டருக்குள்ள இருக்கட்டும், பூஸ்ட் (டர்போ காத்த அமுக்கி உள்ள அனுப்பற அழுத்தம்) ஏத்துனா சிலிண்டருக்குள்ள அழுத்தம் ஏறும், கேப் அதிகமா இருந்தா பொறி தாண்டாது, மிஸ்ஃபயர் ஆகும், அப்புறம் ரீமேப் மேல பழி வரும். டர்போ ஹோஸ்ல எங்கயாச்சும் காத்து லீக் இருக்கான்னு புகை விட்டு செக் பண்ணச் சொல்லுங்க. இந்த இன்ஜின்ல பிளாஸ்டிக்ல செஞ்ச வாட்டர் பம்ப் தெர்மோஸ்டாட் ஹவுசிங் ஒழுகறது பேர் போன வியாதி, அதனால கூலன்ட் லெவல் மாசத்துக்கு ஒரு தடவ கண்ணால பாருங்க, கொறஞ்சுட்டே வந்தா மேல ஊத்தி சமாளிக்காதீங்க.

இப்ப ரீமேப்புக்கு வருவோம். நம்ம ஊர்ல களி கிண்டாத வீடு ஏது, அதையே வச்சு சொல்றேன். தண்ணி எவ்ளோ, மாவு எவ்ளோ, தீ எவ்ளோ, எப்ப கிண்டறது, எப்ப எறக்கறது, இதெல்லாம் அம்மா மனசுல ஒரு கணக்கா இருக்கும்ல, அதே மாதிரி இசியுங்கற இன்ஜின் கம்ப்யூட்டர் உள்ள அட்டவணை அட்டவணையா கணக்கு இருக்கு, இந்த ஆர்பிஎம்ல இந்த லோடுல இவ்ளோ பெட்ரோல், பொறி இத்தன டிகிரி முன்னாடி, டர்போ இவ்ளோ அழுத்தம். பாஷ் கம்பெனி 1979ல மோட்ரானிக்னு கொண்டாந்து பிஎம்டபிள்யூ 732ஐ வண்டில போட்டப்பவே பெட்ரோலும் பொறியும் ஒரே பெட்டில வந்துருச்சு. அந்தக் காலத்துல கணக்க மாத்தணும்னா பெட்டியப் பிரிச்சு சிப்ப கழட்டி வேற சிப் வைக்கணும், அதனாலதான் பெரியவங்க இன்னும் சிப் போடறதுன்னே சொல்றாங்க. இப்ப ஸ்டியரிங் கீழ ஸ்கேனர் மாட்டறதுக்குன்னு இருக்கற ஓபிடி சாக்கெட்ல வயர் மாட்டி எழுதிடலாம்.

கம்பெனிக்காரன் ஏன் முழு பவரும் குடுக்கலன்னு எல்லாரும் கேப்பாங்க. அவன் எழுதற கணக்கு ஒரு அடுப்புக்கு மட்டும் எழுதறது இல்ல, மோசமான பெட்ரோல் கெடைக்கற ஊருக்கும், 45 டிகிரி வெயிலுக்கும், சர்வீஸே பண்ணாம ஓட்டறவனுக்கும், புகை சட்டத்துக்கும், வாரண்டிக்கும் சேத்து எழுதறது. அதுல கொஞ்சம் இடம் விட்டு வச்சிருப்பான். அந்த விட்டு வச்ச இடத்த எடுத்து ஓட்டறதுதான் ஸ்டேஜ் 1, பார்ட்ஸ் எதையும் மாத்தாம. உங்க இன்ஜின் ஸ்டாக்ல, அதாவது கம்பெனி குடுத்தபடியே, 230 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர். டர்போ பெட்ரோல் இன்ஜின்ல ஸ்டேஜ் 1ல 20ல இருந்து 30 சதவீதம் வர்றது நடக்கற காரியம்தான், அதனால 280, 290ன்னா நம்பலாம், 300ன்னா நல்ல பெட்ரோல், ஆரோக்கியமான வண்டி, குளிர்ந்த காலை, மூணும் வேணும். இதே இன்ஜின் டிடியோட பெரிய அண்ணன் டிடிஎஸ்ல 300 தாண்டுதேன்னு அந்தக் கடைல சொல்லுவாங்க, ஆனா அதுல டர்போ பெருசு, அதையும் சொல்லச் சொல்லுங்க.

இனிமேதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கு. கடைக்காரர் சொல்ற 300ங்கறது ஒரு புள்ளி, ஏதோ ஒரு ஆர்பிஎம்ல ஒரு நொடி தொடற உச்சி. உங்க கால் அந்தப் புள்ளிய வாரத்துக்கு ரெண்டு தடவ தொட்டா பெருசு. மீதி நேரமெல்லாம் நீங்க வாழறது 1500க்கும் 3500க்கும் நடுவுல, காவேரிப்பட்டணம் லாரிக்குப் பின்னாடி. அதனால நம்பர் கேக்காம டைனோல (வண்டிய உருளை மேல ஓட்டி பவர் அளக்கற மெஷின்) வந்த கோட்டக் காட்டச் சொல்லிக் கேளுங்க. பவர்ங்கறது டார்க்க ஆர்பிஎம்மால பெருக்கி 7024ஆல வகுத்தா வர்றது, உங்க ஸ்டாக் 370ஐ 4300ஆல பெருக்கி வகுத்துப் பாருங்க, 226 வரும், ஏறக்குறைய அந்த 230தான். கடைக்காரங்க என்ன பண்றாங்கன்னா, பாக்கறவங்க வாய பொளக்கணும்னு 2000 ஆர்பிஎம்லயே டார்க்க செங்குத்தா 430, 440க்கு ஏத்தி விட்ருவாங்க. முதல் நாள் சீட்ல முதுகு ஒட்டும், ஜாலியாத்தான் இருக்கும். ஆனா அந்த செங்குத்து ஏத்தம்தான் நீங்க சொன்ன "யோசிச்சுட்டு பாயறது", அது இன்னும் மோசமாகும். கிளட்ச்சுக்கும் அதுதான் எமன், அந்த கியர்பாக்ஸ கம்பெனி வடிவமைச்சதே ஏறக்குறைய இந்த ஸ்டாக் டார்க் அளவுக்குத்தான், அதுக்கு மேல ஏத்தினா டிசியுங்கற கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்லயும் கிளட்ச் அழுத்தம் ஏத்தி எழுதணும். எல்லாத்தையும் விட, குறைஞ்ச ஆர்பிஎம்ல டர்போ இன்ஜின்மேல பெரிய சுமைய ஏத்தினா பொறி வர்றதுக்கு முன்னாடியே கலவை தானா பத்திக்கும், எல்எஸ்பிஐன்னு சொல்லுவாங்க, ஒரே அடில பிஸ்டன் ஒடைஞ்ச கதை உண்டு.

அதனால கடைல போயி இப்டி சொல்லுங்க, "டார்க்க 2000லயே கொட்டாதீங்க, 2800, 3000 வரைக்கும் சரிவா ஏத்திட்டு வாங்க, அதுக்கு மேல விட்டுக்கங்க". உச்சி நம்பர் பெருசா கொறையாது, ஆனா வண்டி காலுக்கு அடியில வெண்ணெய் மாதிரி வரும். மிதிக்குன்னு தனி அட்டவணை இருக்கு, மிதிய 30 சதவீதம் அழுத்தினா டிரைவர் எத்தன நியூட்டன் மீட்டர் கேக்கறாருன்னு இசியு அதுல பாத்துதான் முடிவு பண்ணும். அதையும் முதல் பாதில மெதுவா, ரெண்டாவது பாதில வேகமா போற மாதிரி செதுக்கச் சொல்லுங்க. சில பேரு முதல் கால்வாசி மிதியிலயே எல்லாத்தையும் கொட்டற மாதிரி எழுதி "பிக்கப் பாத்தீங்களா"ன்னு கேப்பாங்க, அது ஏமாத்து வேலை, ஊருக்குள்ள ஆட்டோ பின்னாடி போறப்ப கால் நடுங்கிட்டே ஓட்டணும். பவரும் நைஸும் சேந்து வேணும்னு கேட்டீங்கல்ல, அது ரெண்டும் சேர்ற எடம் இந்த சரிவுலதான்.

அப்புறம் அந்த முக்கா மணி நேரம். ஃபைல் எழுதறதுக்கு அவ்ளோ போதும், ஒத்துக்கறேன். ஆனா அது யாரு வண்டிக்கு எழுதின ஃபைல்? என் கதையே சொல்றேன். பல வருஷம் முன்னாடி என் சொந்த டீசல் வண்டிக்கு வெளியூர்ல ஒரு கடைல போட்டேன், அவரு லேப்டாப்ப தொறந்தாரு, ஒரு ஃபைல ஏத்துனாரு, டீ குடிச்சேன், முடிஞ்சுது. சேலத்துல இருந்து திரும்பி வர்றப்ப தொப்பூர் மேடு ஏறுது, சித்திரை மாச மத்தியானம், ஏசி ஓடுது, பின்னாடி மூணு பேரு, புகை கருகருன்னு கண்ணாடில பின்னாடி வர்ற வண்டி தெரியல, பாதி மேட்டுல செக் லைட் எரிஞ்சு வண்டி பவர் கொறச்சுக்கிச்சு. போன் பண்ணா "அங்க வெயில் ஜாஸ்தியா இருக்கும் சார்"னாரு. வெயில் ஜாஸ்தியான ஊருலதான்யா நான் குடியிருக்கேன்! ஒரிஜினல் ஃபைல் இருக்கான்னு கேட்டேன், சேவ் பண்ணலயாம்.

அதனால இந்த நாலு விஷயத்த விட்றாதீங்க. எழுதறதுக்கு முன்னாடி ஒரிஜினல் ஃபைல ஒரு பென்டிரைவ்ல வாங்கி வீட்டு பீரோல வைங்க. எழுதறப்ப பேட்டரிக்கு நிலையான சார்ஜர் மாட்டியிருக்கணும், பாதில வோல்டேஜ் எறங்கினா இசியு செங்கல்லா போயிரும். முன்னாடி பின்னாடி ரெண்டு டைனோ ஓட்டமும் ஒரே மெஷின்ல ஒரே நாள்ல இருக்கணும், உங்களுது நாலு சக்கர இழுவை வண்டி, அதனால நாலு சக்கரமும் ஏத்தற டைனோ வேணும், பக்கத்துலன்னா பெங்களூர், இல்ல கோயம்புத்தூர் பக்கம் போகணும். நாலாவதுதான் முக்கியம், எழுதி முடிச்சதும் லாக் (வண்டி ஓடறப்ப சென்சாருங்க சொல்றத பதிவு பண்றது) எடுத்தாரான்னு பாருங்க, நாக் (கலவை தாறுமாறா வெடிச்சு தட்டறது) சென்சார் பொறிய எத்தன டிகிரி பின்னால இழுக்குது, உள்ள போற காத்து எவ்ளோ சூடு, பூஸ்ட் கேட்டதும் வந்ததும் ஒன்னா இருக்கா, இத பாத்து ரெண்டு மூணு தடவ திருத்தினாருன்னா அவரு டியூனர், பாக்காம அனுப்பினாருன்னா அவரு ஃபைல் வியாபாரி. பெங்களூர் 900 மீட்டர் உயரத்துல இருக்கு, தர்மபுரி அதுல பாதிதான், வெயிலும் நமக்குத்தான் அதிகம், அதனால அங்க காலைல எடுத்த லாக்க மட்டும் நம்பாம நம்ம ஊர் மத்தியானத்துலயும் ஒன்னு எடுத்து அனுப்பிக் காட்டுங்க.

இன்ஜின் ஆயில் உங்க மேனுவல்ல போட்ட விடபிள்யூ (ஃபோக்ஸ்வாகன்) நம்பர்லயே போடுங்க, 15,000 வரைக்கும் இழுக்காம 7,500லயே மாத்திருங்க. டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், 3518ன்னா 2018ல 35வது வாரம் செஞ்சது. உங்க டயர்ல என்ன போட்டிருக்கு? போன மாசம் எழுதுன வரிய ஏன் எழுதுனேன்னு அதப் பாத்தா புரியும்.

கேள்வி: என்கிட்ட போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2 இருக்கு, டிஎஸ்ஜி. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் போட்டுட்டாங்க. கியர்பாக்ஸ் போயிரும்னு ஒரு பயம். (பாலக்கோடு)

பதில்: பயப்படறதுல அர்த்தம் இருக்கு. மேல சொன்ன டிடில இருக்கறது ஆயில்ல நனைஞ்ச கிளட்ச், உங்களுது ஏழு கியர் டிரை கிளட்ச், டிகியு200. அதுக்கு கம்பெனி வச்ச வரம்பு 250 நியூட்டன் மீட்டர். ஸ்டாக்ல உங்க வண்டி 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர், நிதானமா ரீமேப் பண்ணா 215, 220ல நிக்கும், அப்ப வரம்புக்குள்ளதான் இருக்கீங்க, எவனாச்சும் 250 தாண்டித் தரேன்னா கும்பிடு போட்டுட்டு வந்துருங்க. ஆனா இந்த கியர்பாக்ஸ கொல்றது ஹைவே டார்க் இல்ல, ஊருக்குள்ள நத்தை மாதிரி ஊர்ந்து போறதுதான். சந்தை நாள்ல பாலக்கோடு கடைவீதில பிரேக்க லேசா விட்டு விட்டு ஊர வைக்கறீங்கல்ல, அந்த நேரம் கிளட்ச் முழுசா புடிக்காம தேஞ்சுட்டே இருக்கும், டிரை கிளட்ச்சுக்கு சூட்ட எடுத்துட்டு போக ஆயிலும் இல்ல. முன்னாடி இடம் விட்டு நில்லுங்க, ரெண்டு வண்டி நீளம் காலியானதும் ஒழுங்கா எடுத்துட்டு போங்க. போலோவ 2022ல நிறுத்திட்டாங்க, பார்ட்ஸ் இனிமே வெல ஏறுமே தவிர எறங்காது, அதையும் மனசுல வச்சுக்கங்க.

கேள்வி: ஐயா, என் பையனுக்கு 22 வயசு. காருக்கு ரீமேப் பண்ணா சைலன்சர்ல பட் பட்னு வெடிக்கும், தீ கூட வரும்னு சொல்லி காசு கேக்கறான். எனக்கு இது ஒன்னும் புரியல. அவசியமா இது? (அரூர், விவசாயி)

பதில்: ஐயா, உங்க கடுதாசிய ரெண்டு தடவ படிச்சேன். நீங்க கோவமா எழுதல, புரியாம எழுதியிருக்கீங்க, அதனால நேராவே சொல்றேன்.

பையன் கேக்கறது பவருக்கான ரீமேப் இல்ல, அதுக்குப் பேரு பாப்ஸ் அண்ட் பேங்ஸ். கால மிதில இருந்து எடுத்ததும் இன்ஜினுக்கு பெட்ரோல் தேவை இல்ல, சாதாரணமா இசியு பெட்ரோல நிறுத்திரும், உங்களுக்கு மைலேஜ் மிச்சம். இவங்க அந்த நேரத்துல வேணும்னே பெட்ரோல் விட்டு, பொறியையும் ரொம்பத் தாமதமா போட வைப்பாங்க, அது சிலிண்டர்ல எரியாம வெளிய போற குழாய்ல போயி வெடிக்கும். நீங்க காசு குடுத்து வாங்கற பெட்ரோல சத்தமா எரிக்கற ஏற்பாடு, அவ்ளோதான். டர்போவுக்கும் புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் அந்த சூடு ஆகாது, கன்வெர்ட்டர் உள்ள இருக்கற தேன்கூடு உருகி அடைச்சா மாத்தற செலவுக்கு நல்ல கறவ மாடு ஒன்னு வாங்கலாம். போலீஸ்காரங்க சத்தத்துக்கு நிறுத்தறது வேற.

பையன்கிட்ட வேணாம்னு மட்டும் சொன்னா வெளிய கடன் வாங்கிப் போடுவான், நானும் அந்த வயசுல அப்டித்தான் இருந்தேன். அந்தக் காசுல சென்னை இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேக்கோ ஒரு நாள் போகட்டும்னு சொல்லிப் பாருங்க, அங்க ஆம்புலன்ஸ் நிக்கும், எதுத்தாப்ல டிராக்டர் வராது.

கேள்வி: ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல். 30 சதவீதம் பவர் ஏறும்னு சொல்றாங்க. உண்மையா? (ஊத்தங்கரை)

பதில்: இல்ல. அதுல டர்போ இல்ல, காத்து தானா எவ்ளோ உள்ள போகுமோ அவ்ளோதான், கம்ப்யூட்டர்ல என்ன எழுதினாலும் காத்து கூடாது. அஞ்சுல இருந்து பத்து சதவீதத்துக்குள்ள ஏதோ கெடைக்கும், மிதி கொஞ்சம் சுறுசுறுப்பாத் தெரியும். ஏர் ஃபில்டர், பிளக் மாத்தி, டயர்ல காத்து சரியா வச்சு, டிக்கில இருக்கற சாமானெல்லாம் எறக்கி வைங்க.

கேள்வி: ஆக்சிலேட்டர்ல மாட்ற பெடல் பாக்ஸ், ஆன்லைன்ல வர்ற டியூனிங் பாக்ஸ், இதெல்லாம் ரீமேப்புக்கு சமமா? (ஓசூர்)

பதில்: பெடல் பாக்ஸ் ஒரு குதிரை சக்தியும் ஏத்தாது, நீங்க 30 மிதிச்சா இசியுகிட்ட 50 மிதிச்சான்னு பொய் சொல்லும், மிதிச்சதுக்கு அப்புறம் வர்ற தாமதம் கொறஞ்ச மாதிரி தோணும், புடிச்சா வச்சுக்கங்க, கழட்றதும் சுலபம். டியூனிங் பாக்ஸ் வேற ஆளு, அது பூஸ்ட் சென்சார்ல இருந்து வர்ற சிக்னல கொறச்சுக் காட்டி டர்போவ அதிகமா ஊத வைக்கும், பவர் நெஜமாவே ஏறும், ஆனா பொறிக் கணக்கு அதுக்கு ஏத்த மாதிரி மாறாது, இசியு உண்மை தெரியாமலே ஓட்டும். எனக்கு அது புடிக்காது. ஓபிடி சாக்கெட்ல சொருகினா மைலேஜும் பவரும் ஏறும்னு முந்நூறு ரூவாய்க்கு வர்ற டப்பால எல்இடி மட்டும்தான் இருக்கும், பிரிச்சுப் பாத்தவன் சொல்றேன்.

கேள்வி: ரீமேப் சட்டப்படி தப்பா? இன்சூரன்ஸ் கிடைக்குமா? ஆர்டிஓல கண்டுபுடிப்பாங்களா? பேர் போடாதீங்க. (தர்மபுரி)

பதில்: பேர் போடல. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52வது பிரிவு இருக்கு, ஆர்சில எழுதியிருக்கற, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு. 2019ல திருத்தம் வந்தப்ப 182ஏ சேத்தாங்க, அதன்படி அனுமதி இல்லாம வண்டிய மாத்தற ஓனருக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூவா அபராதம், இல்ல ரெண்டும். சாஃப்ட்வேர் கண்ணுக்குத் தெரியாதுங்கறது உண்மை, ரோட்டுல நிறுத்தி யாரும் இசியுவ படிக்கப் போறதில்ல. ஆனா கண்ணுக்குத் தெரியலங்கறதும் தப்பில்லங்கறதும் வேற வேற, வக்கீலுக்குப் படிச்சவர்னு எழுதியிருக்கீங்க, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கன்வெர்ட்டரக் கழட்டறது, டீசல்ல கரிப் புகைய புடிக்கற டிபிஎஃப் ஃபில்டர எடுத்துட்டு சாஃப்ட்வேர்ல மறைக்கறது, இதெல்லாம் நான் பண்றதும் இல்ல, பண்ணச் சொல்றதும் இல்ல.

இன்சூரன்ஸ்ல விஷயம் இன்னும் கூர்மையானது. வண்டில பண்ண மாத்தத்த சொல்லாம மறைச்சா பெரிய ஆக்சிடென்ட் ஆனப்ப அத வச்சு கிளெய்ம்ல சண்டை போட அவங்களுக்கு வழி கெடைச்சுரும், சின்னக் கீறலுக்கு யாரும் நோண்ட மாட்டாங்க, லட்சக்கணக்குல போறப்பதான் நோண்டுவாங்க. அதனால கம்பெனிக்கு எழுத்துல கேளுங்க, பதிலயும் எழுத்துல வாங்குங்க, ஏஜென்ட் போன்ல "அதெல்லாம் ஒன்னும் ஆகாது சார்"னு சொல்றது கோர்ட்ல நிக்காது. வாரண்டில இருக்கற புது வண்டின்னா போடவே போடாதீங்க. இசியுல எத்தன தடவ எழுதினாங்கன்னு கணக்கு இருக்கும், ஃபோக்ஸ்வாகன் குரூப் வண்டிகள்ல கம்பெனி சர்வர்ல மாட்டினா டிடி1ன்னு ஒரு குறி விழும், ஸ்டாக் ஃபைல திரும்பப் போட்டாலும் அந்தக் குறி போறது கஷ்டம்.

கேள்வி: 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்ல ரீமேப் வண்டி ஓட்டலாமா? 100 ஆக்டேன் போட்டே ஆகணுமா? (பர்கூர்)

பதில்: எத்தனால்னாலே எல்லாரும் திட்டறாங்க, ஆனா நாக்கிங்க தடுக்கற விஷயத்துல அது பெட்ரோல விட நல்ல ஆளு. கொறை என்னன்னா அதுக்குள்ள இருக்கற சக்தி பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு கம்மி, அதனால மைலேஜ் எறங்கும், கலவைக் கணக்கும் மாறும். சுத்தமான பெட்ரோல்னா ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காத்து, சுத்தமான எத்தனால்னா 9 கிலோ போதும், இ20க்கு ஏறக்குறைய 13.5. ஆக்சிஜன் சென்சார் பாத்து இசியு அத தானா சரி பண்ணிக்கும், ஆனா பழைய ஃபைல் 10 சதவீத எத்தனால் காலத்துல எழுதினதுன்னா முழு மிதில பெட்ரோல் பத்தாமப் போக வாய்ப்பு உண்டு, திரும்ப ஒரு லாக் எடுத்துப் பாத்துருங்க. பழைய வண்டின்னா ரப்பர் ஹோஸ், பம்ப் எல்லாம் எத்தனால் தாங்குமான்னு மேனுவல்ல பாருங்க.

100 ஆக்டேன பத்தி ஒரு வார்த்தை. இந்தியன் ஆயில் எக்ஸ்பி100 கொண்டாந்தது 2020 டிசம்பர்ல. ஸ்டாக் வண்டில அத ஊத்தறது பெரும்பாலும் மன திருப்திதான், ஆக்டேன்ங்கறது சக்தி இல்ல, நாக் ஆகாம எவ்ளோ தாங்குங்கற அளவு. ரீமேப்ல ஃபைல 100க்குன்னே எழுதினாதான் முழுப் பலன், ஆனா அப்டி எழுதிட்டீங்கன்னா சிங்காரப்பேட்டை தாண்டி நடு ராத்திரி ரிசர்வ் எரியறப்ப எந்த பங்க்ல அத தேடுவீங்க? தினமும் ஓட்டற வண்டிக்கு 95க்கு எழுதச் சொல்லுங்க, எப்பவாச்சும் சாதா பெட்ரோல் போட வேண்டி வந்தா அந்த டேங்க் தீர்ற வரைக்கும் முழுசா மிதிக்காதீங்க.

கேள்வி: ரீமேப் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, சும்மா பறக்குது. போன வாரம் சேலம் போறப்ப தொப்பூர் எறக்கத்துல பிரேக் மிதிச்சா கெட்டியா இல்லாம பஞ்சு மாதிரி உள்ள போச்சு, கருகின வாசனை வேற. ரீமேப்னால பிரேக் கெடுமா? (பென்னாகரம்)

பதில்: ரீமேப் பிரேக்க தொடறதே இல்ல தம்பி, கோளாறே அதுதான். ஓட்டம் ஏறிடுச்சு, நிறுத்தறது அப்டியே பழசா இருக்கு. 80ல வர்ற வண்டிய விட 110ல வர்ற வண்டிய நிறுத்த ஏறக்குறைய ரெண்டு மடங்கு சூடு பிரேக்ல எறங்கும், கணக்கு அப்டி, வேகத்தோட வர்க்கம். நீங்க பஞ்சு மாதிரின்னு சொன்னது பிரேக் ஆயில் கொதிச்சு உள்ள ஆவி உண்டானதால. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த குடிச்சுட்டே இருக்கும், பழசாக ஆக சீக்கிரம் கொதிக்கும், அதனாலதான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தச் சொல்றது.

தொப்பூர்ல லாரிங்க பிரேக் புடிக்காம போயி எத்தன சாவு பாத்திருக்கோம், காருக்கும் அதே மேடு, அதே பள்ளம்தான். பாளையம் டோல் தாண்டினதும் கியர எறக்கிருங்க, ஆட்டோமேட்டிக்னா மேனுவல் மோடுல மூணாவதுக்கு கொண்டாங்க, இன்ஜினே வண்டிய புடிச்சு வச்சுக்கும், பிரேக்க லேசா வச்சு தேய்ச்சுட்டே வராம தேவைப்படறப்ப அழுத்தி மிதிச்சு உடனே விடுங்க. இப்போதைக்கு வண்டிய எடுக்காதீங்க, டாட் 4 ஆயில் புதுசா மாத்தி, நாலு சக்கரத்தையும் கழட்டி பேடு கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிருக்கா, டிஸ்க்ல நீல நிறம் ஓடியிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, ரெண்டுல எது இருந்தாலும் ரெண்டையும் சேத்து மாத்திருங்க. பாத்துட்டு என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க, கடைசியா ஆயில் மாத்துன தேதியையும் சேத்து, உங்க கடுதாசில அத மட்டும் காணோம்.